சி வரிசை, பதினேழு

கறுப்பு உடுத்த வேண்டும்.
மின்னும் எதுவும் கூடாது.
கைப்பேசியை வாசலிலேயே
மஞ்சள் கூடையில் போட்டுவிட வேண்டும்.
யாராவது எழுந்து போனால்
அந்த இடம் கேமராவுக்குப்
பல் விழுந்த வாய்போலத் தெரியுமாம்.
நாங்கள் பொய்ப்பல்.
ஓர் இரவுக்கு எண்பது ரிங்கிட், ஒரு நாசி லெமாக் பொட்டலம்.
பதினொன்றைத் தாண்டினால் இன்னும் பத்து.

காதில் ஒயரோடு விக்னராஜா சொன்னார்:
'கைதட்டணும். சிரிக்கணும்.
கேமராவப் பாத்து மட்டும் சிரிக்கக் கூடாது.
பக்கத்துல ஆர்ட்டிஸ் இருந்தா பேச்சு வேணாம்.
நீங்க ஆள் இல்ல, புரியுதா? நாற்காலி.'
புரிந்தது.

முதல் ஒரு மணி நேரத்தில்
ஒரு ராப் பாடகனாக இருந்தேன்,
அவன் சிகரெட் முடித்து வரும்வரை.
நடன இயக்குநரின் மனைவியாக இருந்தேன்.
ஒரு டத்தோவாகவும், அவர் விட்டுப்போன வெதுவெதுப்பில்,
கொஞ்ச நேரம்.

பிறகு சி வரிசை, பதினேழு.
முதுகுச்சாய்வில் ஒட்டிய தாளில்
ஹேமஷாலினி முனியாண்டி, படத்தொகுப்பு.
ஆள் இன்னும் வந்து சேரவில்லை.
கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை.

மேடையில் புகை. பெரிய திரையில்
போட்டிக்கு வந்த காணொளிகள்.
ஈப்போ ஈயக்குட்டை மேல் ட்ரோன் பறந்தது.
கிள்ளானில் ஒரு மொட்டைமாடி,
இருபது பேர் ஒரே தோளைக் குலுக்கினார்கள்.
அப்புறம் அது.
நின்றுபோன மைவி காரின் கண்ணாடியை
ஒரு பெண் துடைக்கிறாள்.
துணி ஒருமுறை போய் வருகிறது, உள்ளே வேறு ஊர்.
இன்னொருமுறை, வேறு வயது.
பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை.
ஆனால் நான் மஸ்ஜித் இந்தியாவில், மூக்குக்கண்ணாடிக் கடையில்
நாள் முழுக்க லென்ஸ் துடைப்பவள்.
ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட
துணிக்குப் பின்னால் வேறு ஊர் வந்ததில்லை.

இதை வெட்டி ஒட்டியவள் எப்படி இருப்பாள்
என்று பார்க்க நிமிர்ந்தேன்.
திரையில் என் முகம்.

ஐந்து கட்டங்கள். நான்காவதில் நான்.
தாடைக்குக் கீழே அவள் பெயர்.
தூரத்துச் சுவரோரம் விக்னராஜா
இரண்டு கையாலும் தன் வாயை இழுத்துக் காட்டினார்:
சிரி, சிரி.

உறை பிரிய மறுத்தது.
அறிவிப்பாளினி நகத்தால் கீறினாள், ஏதோ ஜோக் அடித்தாள்.
அதற்குள் எனக்குள்ளே யாரோ எழுந்து
உடையை நீவிக்கொண்டு
நன்றி சொல்ல ஆட்களைத் தேடத் தொடங்கியிருந்தாள்.
ஐந்து மணிக்கே விட்டனுப்பிய ஹமீது பாய்.
இந்தச் செருப்பை இரவல் தந்த பவித்திராணி.
அதற்குமேல் யாரும் அகப்படவில்லை.

இரண்டாவது கட்டம் துள்ளி எழுந்தது.

தோற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று
விக்னராஜா சொல்லித்தரவில்லை.
கைக்குத் தெரிந்திருந்தது, தட்டியது.
தலைக்குத் தெரிந்திருந்தது,
'அவங்களுக்குத்தான் போகணும்' என்று ஆடியது.
நாலு விநாடி.
தொண்டையில் ஏதோ குறுக்கே நின்றதே,
அது எண்பது ரிங்கிட்டில் சேர்த்தியா தெரியவில்லை.

விளம்பர இடைவேளையில் அவள் வந்தாள்,
ஈரத் தலையோடு, குதிகால் செருப்பைக் கையில் பிடித்தபடி.
'போச்சா?'
'போச்சு.'
பாதி எழுந்த நிலையில்
அந்தக் கார்க் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
விக்னராஜா விரலைச் சொடுக்கினார்.
ஏ வரிசையில் யாருக்கோ கழிவறை.

மறுநாள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே
ஹமீது பாய் கேட்டார்:
'ராத்திரி டிவில உன்னப் பாத்தேன்.
எடிட்டிங்கெல்லாம் செய்வியா?
சொல்லவே இல்ல.'
'தோத்துட்டேன் பாய்' என்றேன்.
முதலில் வந்தவரின் கண்ணாடியை வாங்கி
ஊதினேன்.